அமெரிக்காவில் புதிய தமிழ்ச் சபைக்கு வரிவிலக்கு: படிவம் 1023 அவசியமா?

கேள்வி: சபைச் செயலாளர், டெக்சஸ்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். டெக்சஸ் மாநிலத்தில் வீடுகளில் ஜெபக்கூட்டமாகக் கூடிவந்த சில தமிழ்க் குடும்பங்கள், இப்போது ஓர் அமெரிக்கச் சபையின் அரங்கை ஞாயிறு மாலைகளில் வாடகைக்கு எடுத்து ஒழுங்காக ஆராதனை நடத்தி வருகிறோம். இதைத் தனிச் சபையாகப் பதிவு செய்வதென்று முடிவாகியிருக்கிறது. நாங்கள் எந்தப் பெரிய திருச்சபை அமைப்போடும் இணைந்தவர்கள் அல்லர். இதுவரை காணிக்கை முழுவதும் பொருளாளரின் சொந்தப் பெயரிலுள்ள ஒரு வங்கிக் கணக்கில்தான் சேர்கிறது. அரங்கு வாடகையும் அதிலிருந்தே போகிறது.

வரிவிலக்கைப் பற்றி விசாரித்த இடங்களில் ஒன்றுக்கொன்று முரணான பதில்களே கிடைத்தன. சபைகளுக்கு வரிவிலக்கு தானாகவே உண்டு, விண்ணப்பமே தேவையில்லை என்கிறார் ஒருவர். அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு வரிவிலக்கு அங்கீகாரம் கோரும் படிவம் 1023 அனுப்பிக் கடிதம் வாங்காவிட்டால் காணிக்கைக்கு யாரும் வரிக்கழிவு கோர முடியாது என்கிறார் மற்றொருவர். இவற்றுக்கு நடுவே, 501(சி)(3) என்ற கட்டுக்குள் சிக்காமல் உங்களை "508 சபை"யாகப் பதிவு செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனம் கணிசமான கட்டணம் கேட்கிறது. எது சரி, எதிலிருந்து தொடங்குவது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து ஒரு போதகரை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கும் எண்ணமும் எங்களுக்கு உண்டு.

பதில்: வரிக் கணக்காளர்

சகோதரருக்கு வணக்கம். விண்ணப்பம் தேவையில்லை என்றவர் சொன்னதே சட்டப்படி சரி. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு நிபந்தனையை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வரிவிலக்குக்கு உரிய மத, அற, கல்வி அமைப்புகள் எவை என்பதை அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவு வரையறுக்கிறது. 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 508ஆம் பிரிவு, புதிதாகத் தொடங்கும் அமைப்புகள் அந்த விலக்கை வேண்டினால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, சபைகளையும் அவற்றின் துணை அமைப்புகளையும் சபைக் கூட்டமைப்புகளையும் அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. ஆகவே 501(சி)(3) கேட்கும் தகுதிகள் உங்களிடம் இருக்குமானால், எதையும் அனுப்பாமலே நீங்கள் வரிவிலக்குள்ள சபைதான். விசுவாசிகள் தரும் காணிக்கைக்கு அவர்கள் வரிக்கழிவும் கோரலாம். சபைகளுக்கென்று ஐ.ஆர்.எஸ். வெளியிட்டிருக்கும் 1828ஆம் எண் வழிகாட்டியே இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

"508 சபை" என்று தனியாக ஒரு வகை கிடையாது. அந்தப் பிரிவு சபைக்குக் கொடுத்திருப்பது மனுப்போடுவதிலிருந்து விலக்கு மட்டுமே. சபையின் வருமானம் தனியொருவரின் பைக்குப் போகக் கூடாது, தேர்தலில் வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ சபை இறங்கக் கூடாது என்பன போன்ற 501(சி)(3) நிபந்தனைகள் விண்ணப்பித்த சபையையும் விண்ணப்பிக்காத சபையையும் ஒரே மாதிரிதான் கட்டும். அதேபோல, விண்ணப்பித்தால் அரசாங்கத்தின் பிடிக்குள் போய்விடுவோம் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. ஒரு சபையின் வரி விவகாரத்தை ஐ.ஆர்.எஸ். விசாரிக்க வேண்டுமானால், அதற்குப் போதிய காரணம் உண்டென்று உயர்நிலை அதிகாரி ஒருவர் எழுத்தில் பதிவான ஆதாரங்களின் பேரில் நம்ப வேண்டும் என்ற 7611ஆம் பிரிவின் பாதுகாப்பு, கடிதம் வாங்கிய சபைக்கும் குறைவின்றி உண்டு. சட்டம் இலவசமாகக் கொடுத்திருப்பதை விலைக்கு விற்கும் நிறுவனத்துக்குச் சபைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். தகுதி "தானாக" வருவதற்கும் உங்கள் அமைப்பு ஆவணம் ஒழுங்காக இருக்க வேண்டும். டெக்சஸில் இலாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்ய மாநிலச் செயலரின் அலுவலகத்துக்குப் படிவம் 202 அனுப்ப வேண்டும். கட்டணம் 25 டாலர். குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். தலைவரும் செயலாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அந்தப் படிவத்தை அப்படியே நிரப்பி அனுப்பினால் மாநிலம் பதிவு செய்துவிடும், ஆனால் அதில் அச்சிட்டிருப்பது மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வாசகம் மட்டுமே. மத நோக்கத்துக்காக மட்டுமே இயங்கும் அமைப்பு என்ற நோக்க விதியையும், இலாபம் தனியாருக்குப் போகாது என்ற விதியையும், ஒருவேளை சபை கலைக்கப்பட்டால் மீதமுள்ள சொத்து வேறொரு 501(சி)(3) அமைப்புக்கே போய்ச் சேரும் என்ற கலைப்பு விதியையும் கூடுதல் விதிகளுக்கான இடத்தில் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். பின்னால் திருத்தம் கொண்டுவரலாம் என்றாலும், அது இரண்டாவது கட்டணமும் இரண்டாவது காத்திருப்பும் ஆகும்.

பதிவு முடிந்த பிறகே, அமைப்புக்கான வரி அடையாள எண்ணாகிய ஈ.ஐ.என். எண்ணை வாங்குங்கள். ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும். பதிவாகாத குழுவாக இருந்தபோது வாங்கிய எண் ஏதேனும் கையிலிருந்தால், நிறுவனமாகப் பதிவான பின் அது செல்லாது. புதிய எண் வேண்டும். எண்ணுக்குப் பொறுப்பாளராக ஒருவரின் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் பின்னாளில் மாறினால் 60 நாட்களுக்குள் படிவம் 8822-பி மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான சபைகள் மறந்துவிடுகின்றன. அந்த எண்ணை வைத்துச் சபையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, பொருளாளரின் சொந்தக் கணக்கிலிருப்பதை முறையான கணக்குவிவரத்தோடு மாற்றிவிடுங்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சபைப் பணம் ஒருவரின் சொந்தக் கணக்கில் கிடப்பது அவருக்கும் ஆபத்து, சபைக்கும் ஆபத்து.

பதில்: ஒரு மூப்பர்

எங்கள் சபை இன்றுவரை படிவம் 1023 அனுப்பியதில்லை. காணிக்கைக்கு ஒழுங்காக ரசீது கொடுக்கிறோம், கணக்கை ஆண்டுதோறும் சபைக்கு முன் வாசிக்கிறோம், எந்த விசுவாசிக்கும் வரிக்கழிவு மறுக்கப்பட்டதில்லை. எங்களுக்குச் சம்பளம் வாங்கும் ஊழியர் எவரும் இல்லை. சொந்தக் கட்டடமும் இல்லை. 600 டாலர் கட்டி, ஆயத்தம் செய்ய ஆட்களையும் தேடி, இல்லாத ஒரு தேவைக்காகக் கடிதம் வாங்கி என்ன செய்வது? சபை சிறிதாக இருக்கும்வரை சட்டம் கொடுத்த சலுகையைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

பதில்: வேறொரு சபையின் பொருளாளர்

மூப்பர் ஐயா சொல்வது அவர்கள் சபைக்குப் பொருந்தும். கேள்வி கேட்ட சகோதரரின் சபைக்குப் பொருந்தாது. அவர் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் போதகர் விஷயமே அதற்குக் காரணம். அதைப் பற்றி விசா விவரம் தெரிந்தவர் யாராவது எழுதுவார்கள். நான் விண்ணப்பத்தைத் தயாரிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 275 டாலர் கட்டணத்தில் 1023-ஈஇசட் என்று ஒரு சுருக்கப் படிவம் இருப்பதை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். சபைகள் அதைப் பயன்படுத்த முடியாது. முழுப் படிவம் 1023தான், 600 டாலர், 2020 முதல் அமெரிக்க அரசின் கட்டண இணையதளமான பே.கவ் வழியாக மட்டுமே அனுப்ப முடியும். அமைப்பு ஆவணம், சட்டதிட்டங்கள், செயல்பாடுகள் பற்றிய விளக்கம் எல்லாவற்றையும் 15 எம்.பி.க்கு மிகாத ஒரே பி.டி.எஃப். கோப்பாக இணைக்க வேண்டும். ஞானஸ்நானப் புகைப்படங்களோடு கூடிய வண்ண மலரை அதில் சேர்க்க நினைப்பவர்களுக்கு இந்த வரம்பு ஒரு கடிவாளம்.

சபைகளுக்கென்றே உள்ள "அட்டவணை ஏ" பகுதியில்தான் நேரம் போகும். உங்கள் விசுவாசப் பிரமாணம் என்ன, ஆராதனை முறை என்ன, ஒழுங்காகக் கூடும் நாளும் நேரமும் என்ன, சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள், நிலையான ஆராதனை இடம் உண்டா, உறுப்பினராவது எப்படி, பிள்ளைகளுக்கு மதபோதனை உண்டா, ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை நடத்துகிறீர்களா, போதகர் குறிப்பிட்ட படிப்பை முடித்து அபிஷேகம் பெற்றவரா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். உறுப்பினர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. வீட்டு வரியைத் தவிர்க்கவே "சபை" தொடங்கியவர்கள் ஒரு காலத்தில் இருந்ததை நினைத்தால் அது வியப்பில்லை.

இவற்றில் தமிழ்ச் சபைகள் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி, உறுப்பினர்கள் வேறு சபையோடும் இணைந்திருக்கலாமா என்பது. நம்மில் பலர் காலையில் பிள்ளைகளோடு ஓர் ஆங்கிலச் சபைக்குப் போய்விட்டு மாலையில் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உறுப்பினர் யார், வந்துபோகிறவர் யார் என்பதைச் சட்டதிட்டத்தில் தெளிவாகப் பிரித்து எழுதி, உறுப்பினர் பதிவேடு ஒன்றை வைத்து, அந்த எண்ணிக்கையையே படிவத்திலும் கொடுங்கள். சபை எது என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லாததால் ஐ.ஆர்.எஸ். பதினான்கு அடையாளங்களை வைத்துப் பார்க்கிறது. எல்லாம் இருக்க வேண்டும் என்பதில்லை. வேதாகமக் கல்லூரி இல்லை, தனி மத வரலாறு இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஒரே மக்கள் ஒழுங்காக ஒன்றுகூடி ஆராதிக்கிறார்கள் என்பதே நீதிமன்றங்கள் அதிக எடை கொடுத்துவந்திருக்கும் அம்சம். ஒரு மத அமைப்பு வானொலி, இணையம் வழியாக எத்தனை பேரை எட்டினாலும், கூடிவரும் சபைமக்கள் இல்லாவிட்டால் அது சபை ஆகாது என்று 2010இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே வாடகை ஒப்பந்தம், வாராந்தர ஆராதனைக் குறிப்பு, ஞாயிறு பள்ளி அட்டவணை ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். யூடியூப் ஒளிபரப்பின் பார்வையாளர் எண்ணிக்கையை யாரும் கேட்கப் போவதில்லை.

நிதிப் பகுதியில், புதிய அமைப்பு என்பதால் நடப்பு ஆண்டுக்கும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் மதிப்பீடு கொடுக்க வேண்டும். போதகரை அழைக்கும் எண்ணம் இருந்தால் அவருடைய சம்பளம் அந்த மதிப்பீட்டில் இருக்க வேண்டும். அங்கே பூஜ்யம் என்று எழுதிவிட்டுச் சில மாதங்களில் முழுநேரச் சம்பளம் தருவதாக வேறோர் அரசுத் துறைக்கு எழுதினால் இரண்டு ஆவணங்களும் முரண்படும். நிர்வாகக் குழுவில் கணவன், மனைவி, மைத்துனர் என்று மூவரை மட்டும் வைத்திருக்கும் சபைகளிடம் ஐ.ஆர்.எஸ். மேலதிகக் கேள்விகள் கேட்பது இயல்பு; உறவில்லாதவர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும்.

சபைச் செயலாளர் மீண்டும்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று சந்தேகங்கள் எஞ்சியிருக்கின்றன. போதகரின் விசாவுக்கும் இந்தக் கடிதத்துக்கும் என்ன தொடர்பு? நாங்கள் பதிவு செய்து, சில மாதங்கள் கழித்து விண்ணப்பித்தால், இடைப்பட்ட காலக் காணிக்கைக்கு வரிக்கழிவு உண்டா? தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊழியத்துக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். அதை விண்ணப்பத்தில் எப்படிச் சொல்வது?

பதில்: குடிவரவுத் துறையில் பணிபுரிபவர்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து போதகரை அழைத்துவரப் பெரும்பாலான சபைகள் பயன்படுத்துவது மத ஊழியர்களுக்கான தற்காலிக விசாவான ஆர்-1. அதற்குச் சபைதான் படிவம் ஐ-129 மூலம் மனுச் செய்ய வேண்டும். மனுவோடு, சபை வரிவிலக்குள்ளது என்பதைக் காட்டும் ஐ.ஆர்.எஸ். அங்கீகாரக் கடிதத்தை, அதாவது எல்லாரும் டிடர்மினேஷன் லெட்டர் என்று சொல்வதை, இணைத்தாக வேண்டும் என்று விதி வெளிப்படையாகவே கேட்கிறது. சட்டப்படி எங்களுக்குத் தானாகவே விலக்கு உண்டு என்ற வாதம் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் செல்லும், குடிவரவுத் துறையிடம் செல்லாது. ஒரு பெரிய திருச்சபை அமைப்பின் கீழிருக்கும் சபைகள் அந்த அமைப்பு தன் கீழுள்ள எல்லாச் சபைகளுக்கும் சேர்த்துப் பெற்றிருக்கும் குழு விலக்குக் கடிதத்தைக் காட்டித் தப்பிக்கலாம். நீங்கள் தனிச் சபை என்பதால் உங்களுக்கு அந்த வழியில்லை. ஆகவே போதகரை அழைக்கும் எண்ணம் உறுதியானால், படிவம் 1023தான் உங்கள் முதல் வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனுச் செய்வதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாவது போதகர் உங்கள் சபையின் அதே திருச்சபைப் பிரிவில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். தனிச் சபைகளுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் பிரிவின் பெயர் ஒன்றாக இல்லாதபோது விசுவாசப் பிரமாணமும் ஆராதனை முறையும் நிர்வாக முறையும் ஒன்றே என்று காட்ட வேண்டியிருக்கும். நீங்கள் அட்டவணை ஏ-யில் எழுதும் பிரமாணத்தைப் போதகரின் தமிழ்நாட்டுச் சபையின் பிரமாணத்தோடு இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். வாரத்துக்குச் சராசரியாகக் குறைந்தது 20 மணி நேர வேலை, அதற்கான ஊதியத்துக்குச் சான்று ஆகியவையும் தேவை. முதல் அனுமதி அதிகபட்சம் 30 மாதங்கள். மொத்தம் ஐந்து ஆண்டுகள். அதிகாரிகள் ஆராதனை இடத்தை நேரில் வந்து பார்க்கவும் கூடும் என்பதால், வாடகை அரங்கின் வாசலில் உங்கள் சபையின் பெயர்ப்பலகை இருப்பது நல்லது.

பதில்: வரிக் கணக்காளர்

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் இது.

இடைக்காலக் காணிக்கைக்கு வரிக்கழிவு உண்டு. மற்ற அமைப்புகள் தொடங்கிய மாதத்தின் முடிவிலிருந்து 27 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால்தான் அங்கீகாரம் தொடக்க நாளிலிருந்து கணக்காகும்; சபைகளுக்கு விண்ணப்பிக்கும் கடமையே இல்லாததால் அந்தக் கெடு அவற்றைக் கட்டாது. கடிதம் வரும்வரை ஐ.ஆர்.எஸ்.ஸின் இணையத் தேடுபட்டியலில் உங்கள் பெயர் இருக்காது, அவ்வளவுதான். விசுவாசிகள் வேலை செய்யும் நிறுவனங்கள், அவர்கள் தரும் நன்கொடைக்கு இணையாகத் தரும் தொகையைப் பெற முயலும்போது இது இடறும்.

ரசீதில் கவனமாக இருங்கள். ஒரே முறையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவருக்குச் சபையின் எழுத்து ரசீது இல்லாவிட்டால் வரிக்கழிவு இல்லை. தொகை, தேதி ஆகியவற்றோடு, கைமாறாக ஆவிக்குரிய நன்மை தவிர வேறு பொருளோ சேவையோ தரப்படவில்லை என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். அந்த வரி விடுபட்டதற்காகவே பெருந்தொகைகளுக்குக் கழிவு மறுக்கப்பட்ட வழக்குகள் உண்டு. செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிக்காதவர்களும் 2026 முதல் பண நன்கொடைக்கு 1,000 டாலர் வரை, தம்பதியர் கூட்டாகத் தாக்கல் செய்தால் 2,000 டாலர் வரை, கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியிருப்பதால், இதுவரை ரசீது கேட்காத குடும்பங்களும் இனிக் கேட்கும்.

தமிழ்நாட்டுக்கு அனுப்பும் பணத்தை மறைக்காமல் எழுதுங்கள். வெளிநாட்டுச் செயல்பாடு பற்றிப் படிவமே கேட்கிறது. சபை அந்த ஊழியத்தை ஆராய்ந்து, தீர்மானம் போட்டு, பணம் எப்படிச் செலவானது என்று கணக்கு வாங்கி, தேவைப்பட்டால் நிறுத்தும் அதிகாரத்தோடு கொடுக்க வேண்டும். ஊரிலுள்ள இன்னாருக்குக் கொடுங்கள் என்று பெயர் குறித்து ஒருவர் கொடுத்ததை அப்படியே கடத்திவிட்டால் அது சபைக்கான காணிக்கை ஆகாது, கழிவும் கிடைக்காது. இந்தியச் சட்டம் தனி. உங்கள் சபை அங்கே வெளிநாட்டு நிதிமூலம். பெறுகிற அமைப்புக்கு, வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் இந்தியச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவு இருக்க வேண்டும்; பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையிலுள்ள அதன் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்கே போக வேண்டும்; 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இப்போது பணம் ஒரு போதகரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறதென்றால், விண்ணப்பத்துக்கு முன்பே அதை நிறுத்தி இந்தியாவில் ஒரு கணக்காளரைக் கலந்துகொள்ளுங்கள்.

போதகர் வந்தபின் சம்பளக் கணக்கு வழக்கமான ஊழியரைப் போல இராது. அவருக்கு டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்று கொடுக்க வேண்டும், ஆனால் சமூகப் பாதுகாப்பு வரியைச் சபை பிடிக்காது. பொதுவாக அவரே சுயதொழில் செய்பவரைப் போலக் கட்டுவார். வீட்டுச் செலவுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினால் அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் அந்த ஒதுக்கீட்டை நிர்வாகக் குழு முன்கூட்டியே தீர்மானமாக எழுதியிருக்க வேண்டும். ஆண்டு முடிவில் போடும் தீர்மானம் கழிந்த மாதங்களுக்குச் செல்லாது. சபை என்பதால் படிவம் 990 ஆண்டறிக்கை உங்களுக்கு இல்லை.

மாநில வரிகளுக்கு ஐ.ஆர்.எஸ். கடிதம் போதும் என்று விட்டுவிட வேண்டாம். டெக்சஸின் விற்பனை வரி, நிறுவனங்கள் மீதான பிரான்சைஸ் வரி ஆகியவற்றிலிருந்து விலக்குப் பெற, மாநில வரிகளைக் கவனிக்கும் அதிகாரியான கம்ப்ட்ரோலருக்கு ஏபி-209 படிவம் தனியாக அனுப்ப வேண்டும். மத அமைப்பு என்ற அடிப்படையிலேயே அது கிடைப்பதால் ஐ.ஆர்.எஸ். கடிதத்துக்குக் காத்திராமல் இப்போதே அனுப்பலாம். பின்னாளில் கட்டடம் வாங்கினால் சொத்துவரி விலக்கு உள்ளூர்க் கவுண்ட்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தின் கையில். படிவம் 50-117ஐ ஏப்ரல் 30க்குள் அங்கே கொடுக்க வேண்டும்.